ஹாலில் வைக்க ஒரு சின்ன விஆர் பிசி: என் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்

பொங்கோல்_பைலட்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் 4 அறை பிடிஓ (அரசு கட்டும் புது அடுக்குமாடி) வீடு. மாமனார், மாமியார் நம்மோடு தங்க வருகிறார்கள், அதனால் அறையில் இருந்த என் டெஸ்க்டாப் வெளியேற வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. இனி ஹால்தான் எனக்குக் கதி.

கையில் குவெஸ்ட் 3 விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் இருக்கிறது. நான் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பைத்தியம், பையன் பீட் சேபர் (பாட்டுக்கு ஏற்பக் கை வீசும் விளையாட்டு). டிவியிலும் இணைத்துக்கொள்ள வேண்டும். வீட்டம்மா நிபந்தனை இரண்டு: வயர் கண்ணில் படக்கூடாது, பெட்டி டிவி கன்சோலுக்குள் அடங்க வேண்டும். ரெனோவேஷனில் அடித்த கன்சோல், கதவு போட்ட தட்டு, உள்ளே 40 செ.மீ. ஆழம், 24 செ.மீ. உயரம்.

நினைத்து வைத்திருப்பது: ஃப்ராக்டல் டெரா கேஸ், ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, பி650 மினி ஐடிஎக்ஸ் (சின்ன அளவு) போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன அளவு) பவர் சப்ளை, 2 டிபி எஸ்எஸ்டி. பட்ஜெட் 2,800 வெள்ளி. ரேம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய பிசியில் ரைசன் 5 3600, 32 ஜிபி டிடிஆர்4 இருக்கு, அதை விற்றுவிடலாம் என்று எண்ணம்.

பெட்டி இதைவிடச் சின்னதாகக் கிடைத்தாலும் சொல்லுங்கள்.

---

சிம்லிம்_சுற்றி

கதவு போட்ட தட்டா? உள்ளே வச்சு மூடினா அது அடுப்புதான் லா. கதவைக் கழட்டுங்க முதல்ல.

---

ஈசூன்_அண்ணே

தம்பி, சிம்லிம் சொன்னதைக் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன்.

5070 டிஐ கார்டுக்குக் குறிப்பிட்ட மின்திறன் 300 வாட். 7800எக்ஸ்3டியின் மேல் 120 வாட் என்று எழுதியிருந்தாலும் விளையாடும்போது 60, 70க்கு மேல் பெரும்பாலும் போகாது. போர்டு, ரேம், விசிறிகள், பவர் சப்ளையில் வீணாவது எல்லாம் சேர்த்தால் சுவரிலிருந்து 450 வாட் பக்கம் இழுக்கும். இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். உங்கள் தட்டு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அரை மணி நேரத்தில் தான் விட்ட காற்றைத் தானே திரும்ப உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் யூடியூபில் பார்க்கிற சோதனைகளில் பெரும்பாலானவை 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. நம் ஹால் ஏர்கான் போடாவிட்டால் 30, 31. அங்கே 72 டிகிரி காட்டிய கார்டு இங்கே 81 காட்டும். அதுவும் திறந்த வெளியில் வைத்தால்தான்.

சாதாரண மானிட்டரில் விளையாடினால் சூட்டில் கார்டு வேகம் குறைவதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். விஆரில் அப்படி இல்லை. 90 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லி விநாடி, 72 ஹெர்ட்ஸில் 13.9. அதைத் தாண்டிய ஃப்ரேம் போனது போனதுதான். தலையைத் திருப்பும்போது படம் உதறும், வயிற்றைப் பிரட்டும். விமானத்தில் தரையிறங்குகிற நேரத்தில் இது நடந்தால் மறுபடி ஹெட்செட்டைத் தொடவே மனசு வராது.

ஆகவே இன்னும் சின்னப் பெட்டி தேடாதீர்கள். டெரா மாதிரி 10 லிட்டர் பெட்டியில் 300 வாட் போடுவதைவிட, 18 லிட்டரில் 220 வாட் போடுங்கள். என் ஓட்டு கூலர் மாஸ்டர் என்ஆர்200க்கு. 18.25 லிட்டர். 29 செ.மீ. உயரம், உங்கள் தட்டுக்குள் போகாது. போகாமல் இருப்பதே நல்லது.

---

பொங்கோல்_பைலட்

அண்ணே, இதை வீட்டில் யார் போய்ச் சொல்வது?

சரி, பெட்டி கன்சோலுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். கார்டைக் குறைக்கவும் வேண்டுமா? குவெஸ்ட் 3க்கு 5070 டிஐ இல்லாமல் முடியுமா?

---

கருப்புத்திரை

குறைக்காதீங்க ப்ரோ. குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்தா 91 லட்சம் பிக்சல். 4கே டிவியே 83 லட்சம்தான். அதோட லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட பேனலைவிட அதிகமா வரையணும். ஃப்ளைட் சிம் வேற. நகரத்து மேல பறந்தா 12 ஜிபி மெமரி நிரம்பிடும், நிரம்பின உடனே திக்கித் திக்கித்தான் ஓடும். 16 ஜிபிக்குக் கீழ எதையும் எடுக்காதீங்க. 5070ல 12தான், ஆனாலும் 250 வாட் தின்னும். எனக்கு அந்தக் கார்டே பிடிக்கல.

டிஐ வாங்கி ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல பவர் லிமிட்டை இறக்குங்க. 300ஐ 250க்கு இறக்கினா சில விழுக்காடு வேகம்தான் போகும். சூடும் சத்தமும் நல்லா குறையும். கார்டுக்கு கார்டு எவ்வளவு இறக்க முடியும்ங்கிறது மாறும், வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் பேரைப் போட்டு தேடிப் பாருங்க.

---

ஈசூன்_அண்ணே

கருப்புத்திரை சொன்னது சரி, மெமரி விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். 220 வாட்டில் 16 ஜிபி வேண்டுமென்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 இருக்கிறது.

---

கருப்புத்திரை

9070 நல்ல கார்டுதான். ஆனா கம்பியில்லாம குவெஸ்ட்ல விளையாடும்போது கார்டு ரெண்டு வேலை பார்க்குது: படத்தை வரையணும், அதை உடனே வீடியோவா சுருக்கி வைஃபைல அனுப்பணும். இந்தச் சுருக்குற வேலைல என்விடியா பல வருஷமாவே முன்னாடி. ஏஎம்டி இந்தத் தலைமுறைல நல்லா தேறியிருக்கு, மறுக்கல. ஆனா விஆர் மென்பொருள்ல ஏதாவது கோளாறு வந்தா மணிக்கணக்கா நோண்ட வேண்டியது ஏஎம்டிக்காரங்கதான். பைலட் ஐயா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் பறக்கணும்னு நினைக்கிறவர். அவருக்கு இந்த நோண்டல் வேணாம்.

---

கம்பியில்லான்

எல்லாரும் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ரௌட்டர் எங்கே இருக்கிறது?

---

பொங்கோல்_பைலட்

வாசல் பக்கம், ஷூ கேபினெட்டுக்கு மேலே இருக்கிற டிபி பெட்டிக்குள் (மின்சார, இணைய இணைப்புகள் வரும் பெட்டி). ஃபைபர் பாயிண்ட் அங்கேதான். அதற்கும் ஹாலுக்கும் நடுவில் பாம் ஷெல்டர்.

---

கம்பியில்லான்

நினைத்தேன். பாம் ஷெல்டர் சுவர் கம்பி கட்டிய கனத்த கான்கிரீட், கதவு இரும்பு. அதைத் தாண்டி வரும் சிக்னலில் நெட்ஃபிளிக்ஸ் ஓடும், விஆர் ஓடாது. நெட்ஃபிளிக்ஸுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. விஆரில் நீங்கள் இப்போது திருப்பிய தலைக்கான படம் இப்போதே வந்தாக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிசியில் இருக்கும் வைஃபையை மறந்துவிடுங்கள். பிசி லேன் கேபிளில் ரௌட்டரோடு சேர வேண்டும். ஹெட்செட் மட்டும் வைஃபை. அந்த வைஃபை நீங்கள் நிற்கும் ஹாலிலேயே, கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். புது பிடிஓ என்றால் டிவி சுவரில் லேன் பாயிண்ட் இருக்கும். அதில் வைஃபை 6இ வகை (6 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும்) ரௌட்டர் ஒன்றை ஆக்செஸ் பாயிண்டாக, அதாவது வைஃபை பரப்ப மட்டும் போட்டு, பிசியை அதிலேயே செருகுங்கள். அதன் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரில் குவெஸ்ட் தவிர வேறு எதையும் சேர்க்காதீர்கள். குவெஸ்ட் 3க்கு வைஃபை 6இ உண்டு, குவெஸ்ட் 2 வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

சிங்கப்பூரில் அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏ 2023ல் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 3 சேனல் கிடைக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் புளோக் என்று எல்லாரும் குவிந்திருக்கிறார்கள். அங்கே 160 அகலம் வேண்டுமானால் ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ரேடார் மாதிரி எதையாவது உணர்ந்துவிட்டால் ரௌட்டர் உடனே சேனல் மாற்றும், பையன் பாதிப் பாட்டில் நிற்பான்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிசி படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் வர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆப்பில் ஏவி1 (வீடியோ சுருக்கும் முறை) வைத்தால் உச்சம் 200 மெகாபிட். சாதாரண கிகாபிட் லேன் தாராளம். 10 கிகாபிட் ஃபைபர் வாங்கினால் விஆர் நன்றாக ஓடும் என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இது வீட்டுக்குள் ஓடுகிற போக்குவரத்து, உங்கள் இணையச் சந்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

---

சிம்லிம்_சுற்றி

கம்பியில்லான் சொல்றபடி செஞ்சா பிசி ஹால்லயே இருக்கணும்னு இல்லையே? லேன் பாயிண்ட் இருக்குற எந்த ரூம்லயும் வைக்கலாம்ல.

---

பொங்கோல்_பைலட்

இன்னொரு அறை பையனுடையது. ராத்திரி 11 மணிக்கு அவன் தலைமாட்டில் விசிறி ஓடினால் என் கதி என்ன? மாஸ்டர் பெட்ரூமைக் கேட்கவே வேண்டாம். ஹால்தான்.

---

ஜூரோங்_அக்கா

பிசி கதை முடியட்டும் என்று காத்திருந்தேன், முடிகிற மாதிரி தெரியவில்லை. ஹாலில் சீலிங் ஃபேன் இருக்கா தம்பி?

---

பொங்கோல்_பைலட்

இருக்கு அக்கா. நடு ஹாலில்.

---

ஜூரோங்_அக்கா

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தரையிலிருந்து கூரைக்கு 2.6 மீட்டர்தான். அதில் ஃபேன் தண்டு போக, இறக்கை 2.2, 2.3 மீட்டரில் சுற்றும். நீங்கள் கையை உயரத் தூக்கினாலே அந்த உயரம் வந்துவிடும், கையில் கண்ட்ரோலர் வேறு. பையன் குட்டையாக இருக்கலாம், ஆனால் அவன் குதிப்பான்.

எங்கள் வீட்டில் செய்திருப்பது இது: விஆர் என்றால் சீலிங் ஃபேன் நிறுத்தம், அதன் சுவிட்சில் ஒரு டேப். பதிலுக்குத் தரையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன், டிவி பக்கச் சுவரோரம், ஆடும் இடத்தைப் பார்த்தபடி. அந்த ஃபேன் தலை திரும்பாமல் ஒரே திசையில் ஊத வேண்டும். முகத்தில் காற்று படுவதை வைத்தே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று தெரிந்துவிடும், ஹெட்செட்டுக்குள் வியர்த்து லென்ஸ் மங்குவதும் குறையும். ஃபேன் இல்லாமல் நம் ஊரில் பத்து நிமிடம் பீட் சேபர் ஆடிப் பாருங்கள், உள்ளே மழைதான்.

குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் வேண்டும். காபி டேபிளை நகர்த்த வேண்டியிருக்கும், அதற்குச் சக்கரம் போட்டால் சண்டை குறையும். சாமி மாடம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குத்துவிளக்கு இப்போது கொஞ்சம் சாய்ந்துதான் எரிகிறது.

ஆடி முடித்து ஹெட்செட்டை சோபாவில் கவிழ்த்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மேற்குப் பார்த்த ஹாலில் சாயங்கால வெயில் லென்ஸுக்குள் விழுந்தால், லென்ஸ் அதைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். அந்தப் புள்ளி போகவே போகாது.

பிறகு கீழ் வீடு. அக்கம்பக்க இரைச்சல் பற்றிய ஆலோசனைக் குழு 2022ல் இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம் என்று பரிந்துரைத்தது. தடித்த ரப்பர் பாய் விரித்தாலும், குதிக்கிற விளையாட்டை 10 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பறக்கிறவர்கள் உட்கார்ந்துகொண்டுதானே பறக்கிறீர்கள், உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

---

பொங்கோல்_பைலட்

அக்கா, இதைப் படித்துக் காட்டினேன். "இந்த அக்கா சொல்றதைக் கேளுங்க"ன்னு உத்தரவு. அதோடு இன்னொன்றும் நடந்தது: பெட்டி வெளியே நிற்கலாம், ஆனால் வெள்ளை நிறமாக இருக்க வேண்டுமாம். என்ஆர்200 வெள்ளையிலும் வருவது என் அதிர்ஷ்டம்.

இப்போது பணம். டிஐ கார்டை வைத்துக்கொண்டால் ரேம் விலையில் பட்ஜெட் உடைகிறது.

---

சிம்லிம்_சுற்றி

பைலட் அண்ணே, பழைய பிசில 32 ஜிபி டிடிஆர்4 இருக்குன்னு சொன்னீங்களே. ஏன் விக்கிறீங்க?

2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறுற ஏத்தத்துல இருக்குற ரேமை வித்துட்டு புதுசு வாங்குறது அநியாயம். அந்த ரேம் சேருற பழைய ஏஎம்4 மேடையிலயே நில்லுங்க. பி550 மினி ஐடிஎக்ஸ் போர்டு ஒண்ணு, ரைசன் 7 5700எக்ஸ்3டி ஒண்ணு. அதுலயும் எல்3 கேஷ் (சிபியுக்குள்ளயே இருக்குற வேக மெமரி) 96 எம்பிதான், 7800எக்ஸ்3டில இருக்குற அதே அளவு. ஃப்ளைட் சிம்முக்கு அந்தக் கேஷ்தான் வேலை செய்யும். புதுசா கடைல கிடைக்கிறது அரிது, பழசு விக்கிற கரோசெல் ஆப்ல பாருங்க. சிபியு பழசா வாங்குறதுல பெரிய ஆபத்து இல்ல. நேர்ல பார்த்து பின் எதுவும் வளையாம இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஏஎம்4ல பின் சிபியு பக்கம்தான் இருக்கும். கார்டை மட்டும் புதுசா, இங்க வாரண்டி உள்ளதா வாங்குங்க.

ரேம் ரெண்டு குச்சிதானே? ஐடிஎக்ஸ் போர்டுல ரெண்டு ஸ்லாட்தான், நாலு 8 ஜிபின்னா மாட்டிக்கிட்டீங்க.

---

பொங்கோல்_பைலட்

இரண்டு 16. தப்பித்தேன்!

---

கருப்புத்திரை

நான் எதிர்க்கிறேன். ஏஎம்4 செத்த மேடை. ஃப்ளைட் சிம்ல பெரிய விமான நிலையத்துல இறங்கும்போது சிபியுதான் முட்டும், 7800எக்ஸ்3டி அங்க தெளிவா வேகம். இன்னைக்கு மிச்சம் பிடிச்சுட்டு ரெண்டு வருஷத்துல போர்டு, சிபியு, ரேம் மூணையும் மாத்துவீங்க.

---

ஈசூன்_அண்ணே

வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய விமான நிலையத்தில் 7800எக்ஸ்3டி வைத்தும் விஆரில் 72 நிலையாக நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டிலும் கடைசியில் 36ஐ வரைந்து, இடையில் ஒரு ஃப்ரேமை ஊகித்துச் சேர்த்து 72 ஆக்கும் வழிக்குத்தான் வருவோம். நிதானமாகப் பறக்கிற சிம்முக்கு அது போதும். பீட் சேபருக்கு எந்த சிபியுவும் போதும். ரேம் விலை இறங்கும்போது மேடையை மாற்றிக்கொள்ளலாம், கார்டும் கேஸும் பவர் சப்ளையும் அப்போதும் வரும். நான் சிம்லிம் பக்கம்.

கார்டு பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்) 5.0, பி550 போர்டு 4.0 என்று பயப்பட வேண்டாம், விளையாட்டில் வித்தியாசம் தெரியாது. என்ஆர்200ல் கார்டு நேராகப் போர்டில் செருகும். டெரா மாதிரிக் கேஸில் ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிள் வழியாகப் போகும், சில நேரம் பயாஸில் கையால் வேகத்தை இறக்கி வைத்தால்தான் படமே வரும். அந்தத் தலைவலியும் மிச்சம்.

கார்டு வாங்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். நீளம் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு ஸ்லாட் 20 மி.மீ. சொச்சம், இரண்டரை ஸ்லாட் என்றால் 50 மி.மீ. தடிமன். கீழே விசிறிக்கு மூச்சுவிட இடம் மிஞ்ச வேண்டும். அப்புறம் அந்த 12 வோல்ட் பவர் கனெக்டர். கேபிள் கனெக்டரை விட்டு வெளியே வந்து 35 மி.மீ. நேராகப் போன பிறகுதான் வளைய வேண்டும். பக்கத்துத் தகடு அதை அமுக்கினால் உள்ளே பிடிப்புத் தளரும், உருகும் கதைகள் எல்லாம் அங்கேதான் தொடங்கும். கார்டின் அகலத்தோடு இந்த 35ஐயும் கூட்டி, கேஸின் உள்ளகலத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் வரும் தடித்த அடாப்டரைத் தவிர்த்து, நேரடிக் கேபிள் உள்ள எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையாகப் பாருங்கள்.

சிபியுவுக்குத் தட்டைக் கூலர் வேண்டாம். இந்தக் கேஸில் நாக்டுவா என்எச்-யு9எஸ் மாதிரி 125 மி.மீ. கோபுரக் கூலரே நிற்கும். மேலே இரண்டு 120 மி.மீ. விசிறி, காற்றை வெளியே தள்ளும்படி. முடிந்தது.

---

பொங்கோல்_பைலட்

சனிக்கிழமை தேக்காவில் காய்கறி வாங்கப் போகிறோம், அங்கிருந்து சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தே போய்விடலாம். டேப் பையில் வைத்தாச்சு.

முடிவு: வெள்ளை என்ஆர்200, பி550 ஐடிஎக்ஸ், பழைய 5700எக்ஸ்3டி (கரோசெல்லில் ரோச்சோர் எம்ஆர்டியிலேயே கைமாற்றுகிறேன் என்கிறார் ஒருவர்), என் பழைய ரேம், இரண்டரை ஸ்லாட் 5070 டிஐ, 250 வாட்டில் கட்டிப்போட்டு. மிச்சக் காசில் 6இ ஆக்செஸ் பாயிண்ட், ஒரு ஸ்டாண்ட் ஃபேன், ரப்பர் பாய். 750 வாட் பவர் சப்ளை அப்படியே இருக்கட்டுமா, 650 போதுமா?

---

ஈசூன்_அண்ணே

கார்டு ஒரு கணம் துள்ளும்போது குறிப்பிட்ட வாட்டைத் தாண்டும். 750 இருக்கட்டும். பாதிச் சுமையில் ஓடினால் அதன் விசிறியும் அதிகம் சத்தம் போடாது.

---

புதுசு_65

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். செங்காங், 3 அறை வீடு, பிசி வைக்கவே இடம் இல்லை. கேமிங் லேப்டாப்பில் இதே குவெஸ்ட் 3 ஓடுமா? நண்பன் பிஎஸ் விஆர்2 (சோனி பிளேஸ்டேஷன் ஹெட்செட்) தருகிறேன் என்கிறான், அதுவும் ஆகுமா?

---

கருப்புத்திரை

குவெஸ்ட் ஓடும், அதுக்கு லேப்டாப்ல எந்த போர்ட் இருக்குங்கிறது முக்கியமில்ல, லேன் இருந்தா போதும். லேப்டாப்ல 4070ன்னு எழுதியிருந்தா டெஸ்க்டாப் 4070ன்னு நினைச்சுடாதீங்க, மெமரி 8 ஜிபிதான். பிஎஸ் விஆர்2க்கு சோனியோட பிசி அடாப்டர் தனியா வாங்கணும், அதுக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4 நேரா என்விடியா சிப்புல இருந்து வரணும். நிறைய லேப்டாப்ல டைப்-சி போர்ட் சிபியுக்குள்ள இருக்குற கிராஃபிக்ஸ் சிப்போட சேர்ந்திருக்கும், அதுல படம் வராது. மாடல் பேரைப் போட்டு புது இழை ஆரம்பிங்க, பார்த்துச் சொல்றோம்.